அட்டையில் நாலு பேர்

அம்மாவின் பெயரில் எது நடந்தாலும் முதலில் எனக்குத்தான் தெரியும். வங்கிக் கணக்கு, கேஸ் சிலிண்டர், ரேஷன் அட்டை எல்லாவற்றுக்கும் என் கைபேசி எண்ணைத்தான் கொடுத்து வைத்திருக்கிறோம். வீட்டில் இருக்கும் பட்டன் போனில் அம்மாவுக்குப் பச்சையை அழுத்தத் தெரியும், சிவப்பை அழுத்தத் தெரியும். அதற்கு மேல் அந்தப் போனோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால் உச்சிப்புளியிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊர் ரேஷன் கடையில் அவள் பையோடு நிற்கும்போது, மதுரையில் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் என் சட்டைப் பையில் பருப்பும் பாமாயிலும் சீனியும் குறுஞ்செய்தியாக அளவோடு வந்து விழும்.

அதில் சீனிதான் எங்களுக்கு முக்கியம். சாமான் வாங்கிய அன்று சாயங்காலம் அம்மா என்னைக் கூப்பிடுவாள். சாப்பிட்டாயா என்பாள், அங்கே மழை உண்டா என்பாள், பிறகு ஒன்றுமில்லாததைக் கேட்பதுபோல, சீனி எவ்வளவு என்று போட்டிருக்கிறது என்பாள். இரண்டு கிலோ என்பேன். சரி என்று வைத்துவிடுவாள். ஆளுக்கு அரைக் கிலோ சீனி. அட்டையில் நாலு பேர்: அய்யா, அம்மா, அண்ணன், நான். தங்கச்சியின் பெயர் அவள் கல்யாணத்தோடு மாப்பிள்ளை வீட்டு அட்டைக்குப் போய்விட்டது. அண்ணன் இறந்து ஏழு வருடம் ஆகிறது.

ஒரு வாரக் காய்ச்சலில் போனான். பழைய காகித அட்டையை மாற்றிப் புது அட்டை கொடுக்கப் போகிறார்கள் என்றபோது, நாலு பேரின் ஆதார் நகலையும் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்று பதிந்துவிட்டு வந்தது அவன்தான். அட்டை கைக்கு வந்தபோது அவன் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவன் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று அய்யா ஒரே ஒரு தடவை சொன்னார். அன்றைக்கு வீட்டில் உலை வைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஆனால் அவன் பங்குச் சீனியை அம்மா ஒருநாளும் வாங்கியதில்லை. இல்லாத பிள்ளையின் பேரைச் சொல்லித் தின்னக் கூடாது என்பது அவள் நியாயம். கடைக்காரர் இரண்டு கிலோ என்று பில் போடுவார், அம்மா ஒன்றரைக் கிலோவுக்குக் காசைக் கொடுத்துவிட்டு ஒன்றரைக் கிலோவோடு வந்துவிடுவாள். மிச்சம் அரைக் கிலோ எங்கே போகும் என்று ஊருக்கே தெரியும். அண்ணன் பெயர் அட்டையில் இருப்பதில் அம்மாவுக்கு அடுத்தபடியாக அக்கறை அந்தக் கடைக்காரருக்குத்தான் என்று நான் கேலி பேசியிருக்கிறேன். அம்மா சிரித்ததில்லை.

இந்த நிலையில்தான் ஒருநாள் அந்தச் செய்தி வந்தது. குடும்பத் தலைவிகளுக்கு மாதாமாதம் அரசாங்கம் போடுகிற ஆயிரம் ரூபாய், முதல் மாதத்துக்கானது, அம்மாவின் கணக்கில் ஏறியிருந்தது. அது எங்களுக்கு வந்திருக்கக் கூடாத பணம்.

விஷயம் இதுதான். அட்டையில் உள்ளவர்களில் ஒரே ஒருவர் வருமான வரி கட்டினாலும் அந்தக் குடும்பத்துக்குப் பணம் கிடையாது. எனக்குச் சம்பளத்திலேயே வரியைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தருகிறார்கள். பக்கத்து இருக்கை நண்பர் இன்னும் பயமுறுத்தினார். முதலில் போட்டுவிடுவார்கள், பிறகு சரிபார்ப்பார்கள், தகுதி இல்லை என்று தெரிந்தால் வாங்கியது மொத்தத்தையும் திருப்பிக் கேட்டாலும் கேட்பார்கள் என்றார். கேட்டால் கட்டிவிட என்னால் முடியும். என் பயம் அதைப் பற்றியது இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் சம்பளத்தை வீட்டில் சொன்னேன். அது உண்மையான தொகைதான். அதன் பிறகு இரண்டு தடவை கம்பெனி மாறினேன், சம்பளம் மூன்று பங்காக ஏறியது, அதைச் சொல்லவே இல்லை. சொன்னால் தங்கச்சி மாப்பிள்ளை லோடு வண்டி வாங்க முன்பணம் கேட்பார், கோயில் கமிட்டி தனியாக ஒரு ரசீது கிழிக்கும், சித்தப்பா வீட்டில் ஆளுக்கொரு காரணம் கிளம்பும். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், என் கையில் கொஞ்சம் எனக்கென்று இருக்கட்டும் என்று நினைத்தேன், அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

மனு எழுத ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டபோது, வீட்டில் வருமான வரி கட்டுகிறவர்கள் உண்டா என்று மனு எழுதிய பெண் கேட்டிருக்கிறாள். என் மகன் வாங்குவது அவனுக்கே காணாது, அவன் எங்கே வரி கட்ட என்று அம்மா சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு, அறிவொளி இயக்க வகுப்பில் கற்றுக்கொண்ட கையெழுத்தைக் கோணாமல் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

நான் கூப்பிடுவதற்குள் அவளே கூப்பிட்டாள். தெருவில் எல்லோருக்கும் வந்துவிட்டதாம், தனக்கு வந்ததா என்று கேட்டாள். வந்துவிட்டது என்றேன்.

"என் பேர்லயா?"

"உன் பேர்லதான்மா."

அந்தப் பக்கம் யாரிடமோ, எனக்கும் வந்திருச்சு என்று சொல்வது கேட்டது. அந்தக் குரலைக் கேட்ட பிறகு வருமான வரி பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை வாரேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

அம்மாவுக்கு அறுபது ஆகப் போகிறது. மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே குனிந்தே பாதி ஆயுள் போயிற்று. பழம் பறிப்பது அவள், காய வைப்பது அவள், நிறம் வெளுத்த சோடையைப் பிரிப்பது அவள். சாக்கு வண்டியில் ஏறியதும் அது அய்யாவின் மிளகாய் ஆகிவிடும், கமிஷன் கடையில் காசு அய்யா கையில் கொடுக்கப்படும். அய்யா கெட்டவர் இல்லை. கேட்டால் கொடுப்பார். நூறு நாள் வேலைக்குப் போகிறேன் என்று அம்மா கேட்டபோது மட்டும், நிலம் வைத்திருக்கிற வீட்டுப் பொம்பளை மண்வெட்டியோடு ரோட்டில் நிற்பதா என்று தடுத்துவிட்டார். அந்த நிலம் ஐப்பசி மழையைப் பார்த்து வாய் பிளந்து கிடக்கிற நிலம் என்பது வேறு விஷயம்.

சனிக்கிழமை மதியம் போய் இறங்கினேன். பேருந்தில் வரும்போதே எப்படி ஆரம்பிப்பது என்று நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அம்மா அதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டே ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். எங்கள் வீட்டில் முன்பு ஏழு ஆடுகள் இருந்தன. அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரத்தில் ஏழும் போயின. அதற்குப் பிறகு பட்டி காலியாகவே கிடக்கிறது. இப்போது எதிர்வீட்டு ஆடு குட்டி போட்டிருக்கிறது, அதில் பொட்டைக்குட்டியைத் தனக்கென்று சொல்லி வைத்துவிட்டாளாம். பால்குடி மறக்க மூன்று மாதம், அதற்குள் மூன்று மாதப் பணம் சேர்ந்துவிடும், மிச்சத்துக்கு அவர்களே பொறுத்துக்கொள்வார்கள். பட்டியைக்கூட மெழுகி வைத்திருந்தாள். நான் தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டேன். என் மீதே எனக்கு எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சொன்னேன். விதியைச் சொன்னேன், அவளுக்குப் புரியவில்லை. வரி கட்டுகிறவன் யார் என்று கேட்டாள். நான்தான் என்றேன். அவ்வளவு சம்பளம் வாங்குகிறவர்கள்தானே கட்டுவார்கள் என்றாள். ஆமாம் என்றேன். எவ்வளவு வாங்குகிறாய் என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன்.

பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அய்யா பக்கத்தைத் திருப்பவே இல்லை. அம்மா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப முகாம்ல அந்தப் பிள்ளைகிட்ட நான் பொய்யில கையெழுத்துப் போட்டிருக்கேன்."

உனக்குத் தெரியாதே அம்மா என்றேன். தெரியாது என்றால் பொய் இல்லையா என்றாள். அவசரமாக, மாதாமாதம் நானே ஆயிரம் போட்டுவிடுகிறேன், இரண்டாயிரமாகவே போடுகிறேன், இந்தப் பணம் வேண்டாம் என்று விட்டுவிடு என்றேன். எனக்கு அது பெரிய தீர்வாகத் தெரிந்தது.

"நீ குடுக்குறது நீ குடுக்குறதுய்யா. இது என் பேர்ல வாரது."

அப்புறம் நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். என் பெயரை மட்டும் அட்டையிலிருந்து எடுத்துவிட்டால்? நான் மதுரையில் இருப்பவன். தனியாக மனுப் போட்டு எனக்கென்று ஒரு அட்டை வாங்கிக்கொள்வேன். பிறகு இந்த வீட்டில் வரி கட்டுகிறவர் யாரும் இல்லை. நடந்ததை எழுதிக் கொடுத்து மறுபடி மனுச் செய்தால், அந்தப் பணத்தை அம்மா தலை நிமிர்ந்து வாங்கலாம்.

அய்யா அப்போதுதான் பேப்பரை மடக்கினார். எங்கள் ஊரில் கல்யாணம் ஆனவன்தான் ஒரு தலைக்கட்டு. திருவிழா வரியும் தலைக்கட்டுக்குத்தான். கல்யாணம் ஆகாதவன் எத்தனை வயதானாலும் அப்பன் தலைக்கட்டுக்குள் அடக்கம். அப்படி ஒருவனைத் தனி அட்டை ஆக்கினால், சண்டை போட்டுப் பிரித்துவிட்டார்கள் என்று ஊர் பேசும் என்றார். உனக்குக் காலாகாலத்தில் கல்யாணம் நடந்திருந்தால் பெயர் தன்னால் போயிருக்கும், இந்தக் கூத்தே இல்லை என்று அம்மா என் முப்பத்து மூன்று வயதையும் ஒரு இடி இடித்தாள். இடித்துவிட்டு உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள்.

பழைய காகித அட்டையை எடுத்து வந்தாள். மூலையெல்லாம் இற்றுப் போயிருந்தது. அதில் இரண்டு பெயர்கள் மேல் சிவப்பு மையில் கோடு. ஒன்று அய்யாவைப் பெற்ற தாத்தா, அவர் இறந்த வருடம் அடித்தது. இன்னொன்று தங்கச்சி. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் அந்தக் கோடுகள் யார் யாருக்கு என்று தெரியும். கோடு அடித்தால் ஒன்று சுடுகாட்டுக்குப் போயிருக்க வேண்டும், இல்லை புகுந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நீ எங்கே போகிறாய் என்று என்னைக் கேட்டாள். இப்போது கம்ப்யூட்டரில்தான் எடுப்பார்கள், கோடெல்லாம் கிடையாது என்றேன். அதில் அவளுக்குக் கொஞ்சம் மனம் இளகியது. குட்டியின் ஆசையும் இருந்தது. சரி, விசாரித்துப் பார்ப்போம் என்றாள்.

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு அவளை உச்சிப்புளி இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போனேன். நல்ல சேலை கட்டிக்கொண்டாள். மையத்தை நடத்துவது புதுமடத்துப் பெண், முக்காடும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரே ஆளாக எல்லா வேலையும் பார்ப்பவள். அட்டை எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்துக்கொண்டே, நாலு பேர் இருக்கிறார்கள், உங்கள் ஒருவர் பெயர்தானே, பத்து நிமிட வேலை என்றாள். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு அந்தப் பெண் அண்ணன் பெயரைப் படித்தாள். இவர் எங்கே இருக்கிறார், விசாரணைக்கு ஆள் வந்தால் இவரும் வீட்டில் இருக்க வேண்டுமே என்றாள். நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கடற்படை ஹெலிகாப்டர் ஒன்று தலைக்கு மேல் தாழ்வாகப் போயிற்று. கூரைத் தகரம் அதிர்ந்து அடங்கும் வரைக்கும் யாரும் பேச வேண்டியிருக்கவில்லை. பிறகு நான்தான், அவன் இல்லை என்றேன். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினாள். குரலைத் தணித்துத்தான் பேசினாள்.

"மவுத்தானவுக பேரு அட்டையில இருந்தா, விசாரணைக்கு வந்தவுக அட்டையவே நிறுத்திருவாகம்மா. அவுக பேரையும் சேத்து எடுத்துருவோம். இறப்புச் சர்டிபிகேட் இருந்தாப் போதும்."

அம்மா திரையைப் பார்த்தாள். அதில் அவளால் எதையும் படிக்க முடியாது.

"எடுத்துட்டா யாரு யாரு இருப்பாக?"

"நீங்களும் அய்யாவும்."

"ரெண்டு பேரு" என்றாள் அம்மா. எழுந்தாள். "இன்னைக்கு வேண்டாம் தாயி" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். அந்தப் பெண் எங்களிடம் கட்டணமும் வாங்கவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். ராமேஸ்வரம் போகிற வேன்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. வேன்களையே பார்த்துக்கொண்டு நின்றவள், பஸ் வருவது தெரிந்ததும், அவனை நானே கூட்டி வந்து எடுக்கச் சொல்வதா என்றாள். என்னிடம் கேட்டது மாதிரி இல்லை. அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு என்றாள் பிறகு.

திருப்பிக் கொடுப்பதும் அவ்வளவு லேசான காரியமாக இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். பணம் வரவில்லை என்று வருகிறவர்களுக்குப் படிவம் இருக்கிறது, வந்துவிட்டது என்று யாரும் இதுவரை வந்ததில்லை என்றார். நக்கல் இல்லை, நிஜமாகவே யோசித்தார். மேலே எழுதிக் கேட்கிறேன், கேட்டு வந்தால் கட்டிவிடுங்கள், அதுவரைக்கும் கணக்கிலேயே கிடக்கட்டும் என்றார். நானும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். வாங்கி ஒரு கோப்பில் வைத்துக்கொண்டார். இன்றுவரை பதில் இல்லை, பணமும் நிற்கவில்லை. மாதம் தவறாமல் அம்மாவின் கணக்கில் விழுகிறது, மாதம் தவறாமல் எனக்குச் செய்தி வருகிறது. தெருப் பெண்கள் எடுத்துக்கொண்டு வந்து செலவைப் பற்றிப் பேசும்போது அம்மா எழுந்து உள்ளே போய்விடுகிறாளாம். அய்யா சொன்னார். எங்களுக்கு அந்தப் பணத்தை எடுக்கவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை.

எதிர்வீட்டுக் குட்டி மூன்று மாதத்தில் வேறு ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டது. நான் வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று அம்மா சொன்ன விதத்தில், இன்னொரு தடவை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது அது வளர்ந்து சினையாகிவிட்டது. மேய்ச்சலுக்குப் போகிற கூட்டத்தோடு எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறது.

பணம் வர ஆரம்பித்ததற்கு அடுத்த வருடம், அட்டையில் உள்ள எல்லோரும் கடைக்கு வந்து கைரேகை வைக்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அய்யா வைத்தார், அம்மா வைத்தாள், நான் ஒரு சனிக்கிழமை போய் வைத்தேன். அண்ணன் எங்கே என்று இயந்திரம் கேட்டபோது, வெளியூரில் இருக்கிறான் என்று அம்மா கடைக்காரரிடம் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் எங்கள் ஊர்க்காரர்தான், அண்ணனின் பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் ஒருவர். மெதுவாக வரட்டும் ஆத்தா என்றார்.

பிறகு போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வழக்கம்போல ரேஷன் செய்தி வந்தது. பருப்பு ஒரு கிலோ, பாமாயில் ஒரு லிட்டர், சீனி ஒன்றரைக் கிலோ.

இரண்டு மூன்று தடவை படித்தேன். இணையத்தில் போய் அட்டை எண்ணைப் போட்டுப் பார்த்தேன். மூன்று பேர். யாரும் கூட்டிப் போகாமல், யாரும் எடுக்கச் சொல்லாமல், ரேகை வைக்காதவன் என்று அவனாகவே போயிருந்தான். அலுவலகத்தில் எல்லோரும் இருந்தார்கள். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

அம்மாவுக்குக் கடையில் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. ஏழு வருடமாக ஒன்றரைக் கிலோவுக்குக் காசு கொடுத்து ஒன்றரைக் கிலோதானே கொண்டு வருகிறாள். கடைக்காரருக்குத் தெரியும். அரைக் கிலோ போனது அவருக்குத்தான். ஆனாலும் அவர் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரைப் பற்றி நான் பேசிய கேலியெல்லாம் நினைவுக்கு வந்தது.

வழியில் இருந்த தடை இப்போது இல்லை. என் பெயரை மட்டும் எடுத்தால் போதும், பத்து நிமிட வேலை. மறுபடி மனுப் போட்டு, அந்தப் பணத்தை அம்மா முறையாக வாங்கலாம், குட்டி வாங்கலாம். அவள் பெயரில் உலகத்தில் ஒன்று வரும். அதற்கு நான் அவளிடம் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம் போன் வந்தது. சாப்பிட்டாயா என்றாள், மழை உண்டா என்றாள். இங்கன ஒரு சொட்டு இல்லை என்றாள். நான் பேச்சை வளர்த்துப் பார்த்தேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன், மிளகாய் நாற்று பாவிவிட்டீர்களா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"சீனி எம்புட்டுன்னு போட்டிருக்கு?"

"ரெண்டு கிலோ" என்றேன்.

"சரிய்யா, வையி" என்றாள்.